பொன்பரப்பியின் தாழிகளும் பிடாடாரியின் எலும்புகளும்



பொங்கல் நெருங்கும் நாள்களில் தேக்காவுக்குச் சென்றவர்கள் கேம்பல் லேன் காட்சியை மறக்கமாட்டார்கள். கரும்புக் கட்டுகள் ஒருபுறம், மஞ்சள் கொத்துகள் மறுபுறம், நடுவே அடுக்கடுக்காய் மண்பானைகள். அப்படியொரு பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று, உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணாக்கர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பானை, சட்டி, குடம், கலயம், அகல் ஆகிய சொற்களைப் பாடநூலில் படிப்பதைவிடக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்பது மேல் என்பது என் எண்ணம்.

கலயம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "சார், தமிழர்கள் செய்ததிலேயே பெரிய பானை எது?" என்று வினவினான்.

"முதுமக்கள் தாழி" என்றேன்.

"அதில் என்ன சமைப்பார்கள்?"

"சமைப்பதில்லை. இறந்தவரை அதில் வைத்துப் புதைப்பார்கள்."

பானைகளை விட்டுவிட்டு அனைவரும் என்னைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் யாழ்ப்பாண மரபில் வந்த மாணவி ஒருத்தி இருந்தாள். "சார், இலங்கையிலும் தாழிகள் கிடைத்திருக்கின்றன என்று எங்கள் அப்பம்மா சொன்னார். அப்படியானால் அங்கே முதலில் இருந்தவர்கள் நாங்கள்தானே?" என்று கேட்டாள்.

இக்கேள்வி எனக்குப் புதிதன்று. பல்லாண்டுகளுக்கு முன் வேறொரு வகுப்பில் வேறொரு மாணவன் இதையே கேட்டான். "ஆம், அதில் ஐயமே இல்லை" என்று அன்று விடையிறுத்தேன். அவன் அதைக் கட்டுரையாக எழுதி வந்தான். நானும் மகிழ்ந்து நிறைந்த மதிப்பெண் வழங்கினேன். அந்த மதிப்பெண் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தாழி என்பது யாது?

பண்டைத் தமிழகத்தில் இறந்தோரை அடக்கம் செய்யும் முறை ஒன்றன்று, பல. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், வெளியே இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை முறைகளைக் குறிப்பிடுகிறது. ஒரே நகரின் ஒரே ஈமப்புறங்காட்டில் இவ்வைந்தும் நிகழ்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

புறநானூற்றில் தாழி செய்யும் குயவரை விளித்துப் பாடிய பாடல்கள் உள்ளன. 256-ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரிடம் வேண்டுகிறாள். 228-ஆம் பாடலில், கிள்ளிவளவனின் பெருமைக்கு ஏற்ற அளவில் தாழி செய்ய உன்னால் இயலுமா என்று குயவருக்காகப் புலவர் இரங்குகிறார். ஆகவே தாழி என்பது புலவர் கற்பனையன்று. ஊர்க் குயவர் சூளையில் வைத்துச் சுட்ட பொருள். அதனை மண்ணும் நமக்கு மெய்ப்பித்துக் காட்டியுள்ளது.

பொருநைக் கரையில்

தாழிகளைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் ஊர் ஆதிச்சநல்லூர். தூத்துக்குடி மாவட்டத்தில், திருவைகுண்டத்துக்கு அருகே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது. 1876-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்னும் செர்மானியர் இங்கே அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ பருவம் பருவமாக அகழ்ந்தார். 114 ஏக்கர்ப் பரப்பில் விரிந்த அந்த ஈமக்காட்டில் தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், விலங்கு உருவங்கள், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள், நெல்லின் உமி ஆகியன கிடைத்தன. அவர் சேர்த்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றின் விளக்கப் பட்டியல் 1915-இல் நூலாக வெளிவந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அமைதி. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை, தி. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் மண்வெட்டியை எடுத்தது. சிறு பரப்பிலேயே 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆயினும் அவ்வகழாய்வின் அறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை. செய்தி நீதிமன்றம் வரை சென்றது. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று தெரிவிக்கப்பட்டது. 2021-இல் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடர்ந்தது. 2023 ஆகஸ்டு மாதம் முதல், தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே மக்கள் காண வழி செய்யப்பட்டது.

அண்டை ஊரான சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த உமியின் காலம் கி.மு. 1155 என 2021 செப்டம்பரில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை மாதிரிகள் சிலவற்றைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்கிறது. இவ்வாறு காலத்தின் எல்லை ஆண்டுக்கு ஆண்டு பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஈமக்காடுகளிலிருந்து ஆற்றோடு கிழக்கே சென்றால் கொற்கை. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய அவ்வூரை விட்டுக் கடல் இன்று விலகிச் சென்றுவிட்டது. 1968–69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. அதாவது, ஆதிச்சநல்லூர் மக்கள் தம் இறந்தோரைத் தாழியில் வைத்த காலத்தில், அவர்களது ஆறு கடலைச் சேரும் இடத்தில் ஓர் ஊர் இருந்தது. கொற்கைக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் மன்னார் வளைகுடா. அதற்கு அப்பால் இலங்கை.

கடலுக்கு அப்பால்

அந்த அக்கரையில், புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காட்டுப்பகுதி தொடங்குகிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இடம் பொம்பரிப்பு. இப்பெயர் பொன்பரப்பி என்னும் தமிழ்ப் பெயரின் திரிபு என்பர். இன்று யானையும் மானும் திரியும் அவ்விடத்தில்தான், ஆதிச்சநல்லூரை அப்படியே நினைவூட்டும் தாழிக்காடு ஒன்று மண்ணுக்கடியில் கிடக்கிறது.

இலங்கையின் தொல்லியல் ஆணையராக இருந்த ஹோக்கார்ட் 1920-களில் இங்கே முதலில் ஆய்ந்தார். 1950-களில் பி.இ.பி. தெரணியகல தோண்டினார். 1970-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் இலங்கைத் தொல்லியல் திணைக்களமும் இணைந்து நடத்திய அகழாய்வில் விமலா பெக்லி அம்மையார் பணியாற்றினார். பிற்காலத்தில் அரிக்கமேட்டில் மீளாய்வு செய்து புகழ்பெற்ற அதே அம்மையார்தான்.

அவர்கள் கண்டவை இவை: குழிகளில் இறக்கி வைக்கப்பட்ட பெருந்தாழிகள், அவற்றின் உள்ளும் புறமும் கறுப்புச் சிவப்பு மட்கலங்கள், சிறு உலோகப் பொருள்கள், மணிகள், எலும்புகள். தாழிகளின் வடிவமும் கலங்களின் வகையும் பொருநைக் கரையோடு பெரிதும் ஒத்திருந்தன. ஆய்வாளர்கள் இவற்றைக் கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவையாகக் கருதுகின்றனர்.

எலும்புகளைப் பற்றி ஒரு செய்தியை இங்கே வலியுறுத்த வேண்டும். பொம்பரிப்பில் முழு உடலைத் தாழிக்குள் வைத்தல் பெருவழக்கன்று. முதலில் உடல் வேறிடத்தில் கிடத்தப்பட்டு, தசை நீங்கிய பின்னர், எஞ்சிய எலும்புகளுள் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துத் தாழியில் இட்டனர். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் உண்டு. தொல்லியலார் இதனை இரண்டாம் நிலை அடக்கம் என்பர். இறந்தவருக்கு இருமுறை விடைகொடுத்த மக்கள் அவர்கள்.

இரு கரைகளுக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பருவக்காற்றை அறிந்த பரதவருக்கு அது பெருந்தொலைவன்று. பெயர்களும் கடலைக் கடந்திருக்கின்றன. இக்கரையில் தாமிரபரணி ஓர் ஆற்றின் பெயர். அக்கரையில் தம்பபண்ணி ஒரு நாட்டின் பெயர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகனின் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோருக்குப் பின் தம்பபண்ணியைக் குறிக்கிறது. கிரேக்கர் அதனையே தப்ரபேன் என்றனர். மகாவம்சத்தின்படி விசயன் கரையிறங்கிய இடமும் தம்பபண்ணியே. அவனுக்கும் அவன் தோழருக்கும் மணமகளிர் மதுரையிலிருந்து வந்தனர் என்றும் அதே நூல் கூறுகிறது.

நான் செய்த பிழை

இவ்வளவையும் அறிந்த ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? "ஆதிச்சநல்லூரார் தமிழர், அதே தாழி பொன்பரப்பியிலும் உள்ளது, எனவே பொன்பரப்பியாரும் தமிழர், எனவே அத்தீவு முதலில் நமக்கே உரியது." நான் அன்று வகுப்பில் சொன்னது இதுவே. கேட்பதற்கு இனிது. ஆனால் இவ்வடுக்கில் ஒவ்வொரு 'எனவே'யும் ஓர் ஓட்டை.

முதலாவது, தாழி பேசாது. எழுத்தில்லாத ஒரு மட்கலம், தன்னைச் செய்தவன் தாயை எவ்வாறு அழைத்தான் என்று சொல்லாது. இரண்டாவது, ஒரு பழக்கம் பரவுவதற்கு ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் பெயர்ந்து செல்ல வேண்டியதில்லை. கற்றும் பரவும், மணவுறவாலும் பரவும், வாணிகத்தாலும் பரவும். மூன்றாவது, இப்பெருங்கற்காலப் பண்பாட்டின் ஈமச்சின்னங்கள் இலங்கையின் வடமேற்குக் கரையில் மட்டும் கிடைக்கவில்லை. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் அடைத்த பெட்டிக்கல்லறைகள் வரிசையாக உள்ளன. இன்றைய சிங்களவரின் முன்னோரும் இன்றைய தமிழரின் முன்னோரும் இப்பண்பாட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். 'சிங்களவர்', 'தமிழர்' என்று இன்று நாம் கொள்ளும் பொருளில் அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டார்களா என்பதற்கு எலும்பில் விடையில்லை.

என் கண்ணைத் திறந்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. அவருடைய கதை ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டிய கதை. இலங்கையில் தமிழரின் நிலையான குடியேற்றங்கள் ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே தோன்றின என்று 1965-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அளித்த தம் முனைவர் பட்ட ஆய்வில் அவர் எழுதினார். பலர் அம்முடிவைத் தத்தம் அரசியலுக்கு ஏற்ப எடுத்தாண்டனர். பின்னர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1980-ஆம் ஆண்டையொட்டி யாழ் நகருக்கு மேற்கே கடனீரேரியை ஒட்டிய ஆனைக்கோட்டையில் அவரும் பொ. இரகுபதி முதலியோரும் ஓர் ஈமக்களத்தை அகழ்ந்தனர். அங்கே மனித எலும்புக்கூட்டுடன் வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் மேல்வரியில் குறியீடுகள். கீழ்வரியில் பிராமி எழுத்துகள். 'கோ' என்று தொடங்கும் அச்சொல் தலைவன் ஒருவனைக் குறிப்பதாகப் படித்தனர்.

ஒரு முத்திரை வரலாற்றையே மாற்றிவிடுமா? மாற்றாது. ஆனால் ஒருவரைச் சிந்திக்க வைக்கும். தம் ஆய்வேடு வந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 2005-இல், இந்திரபாலா ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 'இலங்கையில் தமிழர்: ஓர் இனக்குழு ஆக்கம் பெற்ற வரலாறு' என்ற பெயரில் அது தமிழிலும் வந்தது. அதில் தம் பழைய முடிவைத் தாமே விலக்கிக்கொண்டார். தமிழர் பத்தாம் நூற்றாண்டில் வந்தவர் அல்லர் என்றார். ஆனால் அதற்கு நேரெதிரான முடிவுக்கு, அதாவது 'முதலில் நாமே, பிறர் பின்னரே' என்ற முடிவுக்கும் அவர் தாவவில்லை. இலங்கையின் தொல்குடிகளிலிருந்தே, நீண்ட நூற்றாண்டுகளில், மொழியாலும் சமயத்தாலும் வாணிகத்தாலும் இரு இனக்குழுக்கள் உருவாகி வந்தன என்று காட்டினார். இருவரும் ஒரே மண்ணின் பழைய மக்களிடமிருந்து வளர்ந்தவர்கள் என்பது அதன் சாரம்.

அந்நூலைத் தேசிய நூலகத்தில் அமர்ந்து படித்த நாளில், நான் மதிப்பெண் இட்ட அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. பேராசிரியர் ஒருவர் தம் முனைவர் பட்ட முடிவையே திருத்திக்கொண்டார். வகுப்பில் சொன்ன ஒரு 'ஆம்' என்ற சொல்லை என்னால் திருத்தமுடியாதா?

மத்தியதரைக் கடலில் ஒரு சான்று

உலகின் வேறொரு மூலையிலிருந்தும் இதற்கு விளக்கம் தரலாம். மத்தியதரைக் கடலில் சிசிலித் தீவின் மேற்குக் கரையோரம், மர்சாலாவுக்கு எதிரே, ஆழமற்ற கடனீரேரியில் மோத்தியா என்னும் சிறுதீவு உள்ளது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் பினீசியர் அங்கே குடியேறினர். இன்றைய லெபனான் கரையின் தீர், சிதோன் முதலிய துறைநகரங்களிலிருந்து புறப்பட்டு வாணிகத்துக்காகக் கடலெங்கும் பரவியவர்கள் அவர்கள். 'பினீசியர்' என்பதும் கிரேக்கர் இட்ட பெயரே. அவர்கள் தம்மைத் தீர் நகரத்தார், சிதோன் நகரத்தார் என்று ஊர்ப்பெயராலேயே அழைத்துக்கொண்டனர்.

மோத்தியாவின் வடகரையில் ஒரு தொன்மையான ஈமக்களம் இருக்கிறது. அங்கே இறந்தோரை எரித்து, எலும்பைத் தாழியில் இட்டு, சிறுகலங்களை உடன்வைத்துப் புதைத்தனர். கி.மு. 397-இல் சிராக்கூசின் மன்னன் தியோனீசியசு அந்நகரை அழித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அத்தீவை விலைக்கு வாங்கிய மதுவணிகக் குடும்பத்தைச் சேர்ந்த விட்டேக்கர் என்பவர் அதனை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். ஆதிச்சநல்லூரின் தாழிகளும் மோத்தியாவின் தாழிகளும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டுகளில் மண்ணுக்குள் சென்றன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. இரண்டும் கடலோடிகளின் காலத்தவை.

மோத்தியாவில் அடங்கியவர்கள் அனைவரும் லெபனானிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்றே நீண்டகாலம் எண்ணப்பட்டது. 2025-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மத்தியதரைக் கடலின் பினீசிய, பியூனிக் ஊர்கள் 14-இலிருந்து 196 பேர் உட்பட மொத்தம் 210 பேரின் தொன்மையான எலும்புகளை ஆராய்ந்தது. பினீசிய மொழியும் தெய்வங்களும் பழக்கவழக்கங்களும் விளங்கிய மேற்குப் பகுதி ஊர்களில், லெபனான் கரையின் குருதிவழி மிகச் சிறிதளவே காணப்பட்டது. பெரும்பாலோர் சிசிலி, கிரேக்கம், வட ஆப்பிரிக்கா முதலிய இடங்களின் மரபினர். பண்பாடு கடலைக் கடந்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தந்தக் கரையின் மக்கள்.

இதனால் பினீசியரின் பெருமை குறைந்ததா? குறையவில்லை. மாற்றாரும் விரும்பி ஏற்கும்படி ஒரு வாழ்க்கைமுறையை வளர்த்தவர்கள் என்பது குருதிக் கணக்கைவிடப் பெரிய பெருமை. பொன்பரப்பிக்கும் இது பொருந்தக்கூடும். அங்கே அடங்கியோர் பொருநைக் கரையிலிருந்து படகேறி வந்தவர்களாக இருக்கலாம். அக்கரையிலேயே பிறந்து, இக்கரையாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்களாக இருக்கலாம். இருவகையினரும் ஒரே தாழியில் கலந்து கிடக்கவும் கூடும். எப்படியாயினும் மன்னார் வளைகுடா அவர்களைப் பிரிக்கவில்லை, இணைத்தது என்ற ஒன்றை மட்டும் தாழிகள் ஐயமறச் சொல்கின்றன. நாம் மாணாக்கருக்குக் கற்பிக்கவேண்டியது அதுவே.

பிடாடாரி

இக்கட்டுரையின் தலைப்பில் பிடாடாரி ஏன் வந்தது என்று வாசகர்கள் எண்ணலாம்.

என் தாய்வழிப் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிறித்தவர். திருவைகுண்டத்துக்கு அருகில்தான் அவருடைய ஊர். ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் சிறுவயதில் ஆடு மேய்த்ததாகவும், கால் இடறினால் பானை ஓடு தட்டுப்படும் என்றும் அம்மாவிடம் சொல்வாராம். கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே மறைந்தார். அப்பர் சிராங்கூன் சாலையை ஒட்டிய பிடாடாரி இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடுகாடு 1972-இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை, வீடு கட்டும் தேவைக்காகக் கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. நம் தீவில் நிலம் குறைவு. 1998-இல் வந்த கொள்கைப்படி, சுவா சூ காங்கில் புதிதாகப் புதைக்கப்படுவோருக்கும் 15 ஆண்டுகளே இடம்.

அறிவிப்பு வந்தபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. குறித்த நாளில் விடியற்காலையில் நானும் தாய்மாமாவும் சென்றோம். தோண்டுபவர்கள் பொறுமையோடும் மரியாதையோடும் பணிசெய்தனர். மண்ணிலிருந்து ஒவ்வோர் எலும்பாக எடுத்துத் துடைத்து வைத்தனர். எல்லா எலும்பும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை எரியூட்டி, சாம்பலைச் சிறு கலத்தில் இட்டு, மண்டாயில் அஸ்தி வைக்கும் மாடத்தில் பாட்டியின் கலத்துக்கு அருகே வைத்தோம். மாமா அந்தக் கலத்தை மூடும்போது, "ஐயா, ரெண்டாந்தடவையா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. பொம்பரிப்பு அகழாய்வைப் பற்றிப் படித்தபோதுதான் அச்சொல் திரும்ப ஒலித்தது. தசை நீங்கிய எலும்பு, கிடைத்ததைப் பொறுக்கி எடுத்தல், ஒரு கலம், இரண்டாம் முறை விடைகொடுத்தல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மக்கள் வழக்கத்தால் செய்ததை நாங்கள் நிலப்பற்றாக்குறையால் செய்தோம். காரணம் வேறு, கை நடுக்கம் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்குமுன் தாழியை நான் 'சான்று' என்றே பார்த்தேன். அதனுள் இருப்பது யாரோ ஒருவருடைய பாட்டனார் என்று நினைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிடாடாரியில் கிறித்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோருக்கு இடம் இருந்தது போலவே சிங்களவருக்கும் இடம் இருந்தது. ஈராயிரம் ஆண்டு கழித்து ஒருவர் பிடாடாரியைத் தோண்டியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? "இத்தீவுக்கு முதலில் வந்தவர் யார்?" என்ற கேள்விக்கு அந்த எலும்புகள் என்ன விடை சொல்லியிருக்கும்? பலவிடத்தார் வந்தனர், வாழ்ந்தனர், அருகருகே அடங்கினர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லியிருக்காது. இன்று அங்கே வீவக அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும் உள்ளன. பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள்.

கேம்பல் லேனுக்குத் திரும்புவோம். அம்மாணவி விடைக்காகக் காத்திருந்தாள். நான் சொன்னேன்: "அம்மா, அங்கே பழங்காலத்திலிருந்து இருந்தவர்களுள் உன் முன்னோரும் உண்டு. அதில் ஐயம் வேண்டா. ஆனால் அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று தாழி சொல்லவில்லை. அதைச் சொல்லச் சொல்லி நாமும் அதை வற்புறுத்தக்கூடாது." சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பம்மாவுக்கு இந்த விடை பிடிக்காது, சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கும் முதலில் பிடிக்கவில்லை" என்றேன்.

பெரிய பானையைப் பற்றிக் கேட்ட மாணவன் இதற்குள் கலயம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கியிருந்தான். வீட்டில் பொங்கல் வைக்கவாம்.

முன்பு என் சொல்லை நம்பிக் கட்டுரை எழுதி நிறைந்த மதிப்பெண் பெற்ற அந்த மாணவர் இன்று குடும்பத்தராக எங்கோ இருப்பார். இதனை அவர் படிக்க நேர்ந்தால் அறிக: உம் கட்டுரையின் நடை நன்று; அதற்குரிய மதிப்பெண் உமதே. முடிவில் இருந்த பிழை மட்டும் உம்முடையதன்று, என்னுடையது.